வாசகர் கேள்வி-பதில்: காலையில் சுட்ட சொல், இரவில் வராத தூக்கம்

கேள்வி: நான் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு 13 வயது. காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். அதற்குள் அவள் கிளம்பவில்லை என்றால் என் வாயில் வராத சொல் இல்லை. ‘எருமை’, ‘சனியனே’, ‘உன்னைப் பெற்றதற்கு ஒரு கல்லைப் பெற்றிருந்தால் துணியாவது துவைத்திருக்கலாம்’ என்றெல்லாம் சொல்லிவிடுகிறேன். இரவு படுத்தால் தூக்கம் வருவதில்லை. சொன்னதெல்லாம் காதில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இவள் என்னை வெறுத்துவிடுவாளோ, பெரியவளானதும் என் முகத்தில் விழிக்க மாட்டாளோ என்று இரண்டு மணி வரை யோசனை. மறுநாள் தலைவலியோடு எழுந்து மறுபடியும் அதே வார்த்தைகள். வாயை முதலில் அடக்குவதா, மனத்தை முதலில் அடக்குவதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டாம் முறை படித்த இடம், ‘மறுநாள் தலைவலியோடு எழுந்து மறுபடியும் அதே வார்த்தைகள்’ என்பது. வாய் என்றும் மனம் என்றும் நீங்கள் பிரித்துக் கேட்கிறீர்கள். ஆனால் நீங்களே எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால் இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகவே தெரிகின்றன. காலையில் சொன்ன சொல் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்ட உடம்பு, மறுநாள் ஒற்றைக் காலுறை காணவில்லை என்பதற்கே பொறுமை இழக்கிறது. ஆகவே எதை முதலில் அடக்குவது என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் மகளிடம் போங்கள்.

இரவு இரண்டு மணி வரை நீங்கள் படும் வேதனை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேதனை உங்கள் மகளுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் உறங்கும் அவளிடம் ‘எருமை’ என்ற சொல் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்காக அம்மா விழித்துக் கிடந்தது போய்ச் சேரவில்லை. நம்மில் பலர், குறிப்பாகத் தாய்மார்கள், மனத்துக்குள் வருந்துவதையே பரிகாரமாக எண்ணிக்கொள்கிறோம். கடனை நினைத்து இரவெல்லாம் புரண்டு படுத்தாலும் வட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான்.

மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் அசைபோடும்போது எதுவும் செரிப்பதில்லை, நோவு மட்டும் நீள்கிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சீமா இதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மீண்டும் பார்த்தபோது, தம் சோர்வையே திரும்பத் திரும்ப நினைக்கும் பழக்கம் முன்பே உடையவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. நிலம் எல்லோருக்கும்தான் நடுங்கியது; அசைபோட்டவர்களிடம் அந்த நடுக்கம் அதிக நாள் தங்கியது.

ஆதலால் இன்று மாலை வேலையிலிருந்து வந்ததும், காபி குடிக்கும் முன்பாகவே மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘காலையில் உன்னை அப்படிச் சொன்னது என் தப்பு. வேன் வந்துவிடுமே என்ற பதற்றத்தில் சொல்லிவிட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். ‘ஆனால் நீயும் சீக்கிரம் எழுந்திருக்கலாம் இல்லையா’ என்று தொடர்ந்தால், அந்த ‘ஆனால்’ முன்னே சொன்னதையெல்லாம் விழுங்கிவிடும். அவள் பதில் பேசாமல் எழுந்து போகலாம், கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கலாம். போகட்டும். அவள் காதில் விழுந்துவிட்டது.

‘மனசில் ஒன்றுமில்லை, பாசத்தில் திட்டுகிறேன்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிங்-டெ வாங், பென்சில்வேனியா மாநிலத்தில் 976 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, உடன் ஆய்வாளரோடு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 13 வயதில் பெற்றோரின் கத்தலுக்கும் வசைக்கும் ஆளான பிள்ளைகளிடம் அடுத்த ஓராண்டில் மனச்சோர்வும் அடங்காத நடத்தையும் கூடின. மற்ற நேரங்களில் பெற்றோர் பாசமாக இருந்தது அந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. பிள்ளையின் நடத்தை கெடக் கெடப் பெற்றோரின் சொல்லும் கடுமையாகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது. இதையும் இன்றிரவின் யோசனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. உங்கள் மகளுக்கு இப்போது அதே 13 வயது என்பதால், மாற்றிக்கொள்ள உகந்த காலம் இதுவே என்று சொல்வதற்காகத்தான் எழுதினேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் மகன் ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தேறாத நாளில், வந்திருந்த உறவினர்கள் முன்னால் ‘இவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்றேன். சொன்னதை அன்றே மறந்துபோனேன். 20 ஆண்டுகள் கழித்து, நான் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, சிறிதும் கோபமில்லாமல், ‘அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொன்னதும் மாமா சிரித்தார் அம்மா’ என்றான். சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. என் சொல்லைவிட அந்தச் சிரிப்பு அவனுக்குள் ஆழமாகத் தங்கியிருந்தது. ‘நாவினாற் சுட்ட வடு’ என்று வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்திய எனக்கு, அதன் பொருள் விளங்கியது அன்றுதான். மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி அந்தக் காலை நேரம். உங்கள் வீட்டில் கடுஞ்சொல் பிறப்பது ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவே என்று தெரிகிறது. நாள் முழுவதற்கும் சபதம் எடுக்காமல் அந்த அரைமணி நேரத்தை மட்டும் கவனித்தால் போதும். காலுறை, அடையாள அட்டை, கையெழுத்துப் போட வேண்டிய டைரி ஆகியவற்றை முதல் நாள் இரவே வாசலருகே ஒரு நாற்காலியில் மகளையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது, அடுக்களையிலிருந்து கூப்பிடுவதை விடுங்கள். மிக்சி ஓட, குக்கர் விசிலடிக்க, அந்தச் சத்தத்துக்கு மேல் கூப்பிடும்போது குரல் தானாகவே உயர்கிறது. குரல் உயர்ந்த பிறகு சொல் மட்டும் மென்மையாக வராது. அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்கே போய், ‘மணி ஏழு இருபது, காலுறை போட்டுக்கொள்’ என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பத்தடி நடப்பதற்குள் நாவிலிருக்கும் சூட்டில் பாதி ஆறிவிடும். முதல் வாரம் பல நாள் தவறும். தவறிய நாளின் மாலையில் மீண்டும் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு யோசனைக்கான வழியைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். அது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: நான் 25 ஆண்டுகளாகச் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். உள்ளதை உள்ளபடி பேசுகிறவன். தேன் தடவிப் பேசத் தெரியாது. ஆறு மாதத்தில் மூன்று பையன்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். இதமாகப் பேசுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது நடிப்பாகாதா?
ஒரு வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

பதில்: ஐயா, உள்ளதை உள்ளபடி பேசுவது நல்ல பண்பு. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பையன் ஷாப்டை அளவுக்கு மேல் கடைந்து அரை மில்லிமீட்டர் குறைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ளது எது? அந்த அரை மில்லிமீட்டர். ‘கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?’ என்று கேட்டால் அதில் உள்ளது ஒன்றுமே இல்லை. அவன் கண் முகத்தில்தான் இருக்கிறது, எங்கே பிசகினான் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. ‘அரை மில்லி குறைந்துவிட்டது, கடைசிச் சீவலுக்கு முன்னால் மிஷினை நிறுத்திவிட்டு வெர்னியர் வைத்துப் பார்’ என்பதுதான் உள்ளதை உள்ளபடி சொல்வது. இதில் தேனும் இல்லை, நடிப்பும் இல்லை. ‘வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று வள்ளுவர் உண்மைக்கே தீமையின்மையைத்தான் இலக்கணமாக வைத்தார்.

இதில் தொழில் கணக்கும் உண்டு. நாலு பேர் முன்னால் வசவு வாங்கிய பையன், அடுத்த முறை கெட்டுப்போன ஷாப்டை உங்களிடம் காட்டாமல் ஸ்கிராப் குவியலுக்குள் தள்ளிவிடுவான். பிசகு எங்கே நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும். தப்பைத் தைரியமாகக் கொண்டுவந்து காட்டக்கூடிய முதலாளியிடம்தான் பையன்கள் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். நின்றுபோன மூவரில் ஒருவருக்காவது நீங்களே போன் செய்து, ‘நான் பேசினது அதிகம் தம்பி’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பி வராமலும் போகலாம். ஆனால் இப்போது வேலையில் இருக்கும் பையனிடம் நீங்கள் பேசும் விதம் அந்தப் போனுக்குப் பிறகு மாறிவிடும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: நான் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவி. தோழிக்கு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால், நான் எழுதியதில் ஏதோ தப்பாகிவிட்டது என்று நள்ளிரவு வரை அதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ‘உனக்கு அறிவே இல்லை’ என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். நினைக்கவே கூடாது என்று முடிவெடுத்தால் இன்னும் அதிகமாக நினைவு வருகிறது. தேர்வு வேறு நெருங்குகிறது.
ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: அன்பு மகளே, மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதைத்தான் நீ செய்துகொண்டிருக்கிறாய். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்து இதைச் சோதித்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள் என்றார். மாணவர்கள் நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அடித்தார்கள். ஆகவே நினைப்பை விரட்டாதே, அதற்கு ஒரு நேரம் ஒதுக்கு. தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் கவலைக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘மாலையில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். நீ மாலை ஐந்தரை மணிக்கு, விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அல்லாமல், வெளியே ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ நோட்டோடு உட்கார். தோன்றுவதையெல்லாம் எழுது. எதற்காவது நாளை ஒரு செயல் செய்ய முடியுமானால் அதன் பக்கத்தில் அந்தச் செயலை எழுது. ஆறு மணிக்கு நோட்டை மூடிவிடு. இரவில் அந்த நினைப்பு வந்தால், நாளை ஐந்தரைக்கு இடம் இருக்கிறது என்று அதனிடம் சொல்.

தோழி விஷயத்தில் அந்தச் செயல் ஒன்றே ஒன்றுதான். நேரில் பார்த்து, ‘நான் எழுதியது உனக்கு வருத்தமா?’ என்று கேட்டுவிடு. பதில் வராததற்கு நூறு காரணங்களை நீ கற்பனை செய்யலாம். உண்மைக் காரணம் அவளிடம் இருக்கிறது. ‘அறிவே இல்லை’ என்று உன்னையே சொல்லிக்கொள்வதும் கடுஞ்சொல்தான். அந்தச் சொல்லை அதே தோழியிடம் நீ சொல்வாயா? சொல்ல மாட்டாய் என்றால் உன்னிடமும் சொல்லாதே. ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொள், அதுதான் உள்ளது.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லை, புத்தகத்தைத் திறந்தால் எதுவும் ஏறவில்லை என்றால் கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும், அரைமணி நேரம், நோட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே 14416 என்ற எண்ணுக்குப் பேசு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். அறைத் தோழியிடமோ விடுதிக் காப்பாளரிடமோ அன்று பக்கத்தில் இருக்கச் சொல். தேர்வு முடிந்ததும், தோழி என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுது, காத்திருப்பேன்.