நத்தார்க் கைப்பணிச் சந்தை: நெரிசலுக்குள் நல்ல பொருளைத் தெரிந்து வாங்குவது எப்படி?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். டிசெம்பர் வார இறுதியில் கொழும்பு 07 பக்கத்தில் நடைபெறும் கைப்பணியாளர் சந்தை ஒன்றுக்குப் போய், நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் தைப்பொங்கலுக்கும் சேர்த்து, அலுவலகத் தோழர்கள் உட்பட 12 பேருக்கு அன்பளிப்புகள் வாங்க எண்ணியிருக்கிறேன். கையில் 30,000 ரூபா இருக்கிறது. முழங்கால் வலியுள்ள மாமியும் 5 வயது மகனும் கூட வருவார்கள். கடந்த வருடம் இரண்டு மணித்தியாலம் இடிபட்டு, மூன்று மெழுகுவர்த்திகளோடு திரும்பினேன். என் தோழி அங்கே வாங்கிய வளையலோ அச்சுப் பிசகாமல் புறக்கோட்டையிலும் தொங்கியது. உண்மையில் கையால் செய்ததை எப்படி அறிவது? பேரம் பேசலாமா? விடுமுறைக்கு வந்து மெல்பேர்ண் திரும்பும் தங்கைக்கு எதைக் கொடுத்து அனுப்பலாம்?

பதில்: 12 அன்பளிப்புகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கி முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். கைப்பணிச் சந்தைக்கும் கடைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, பொருளைச் செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார் என்பதுதான். அவரோடு பேசாமல் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருவதாக இருந்தால், அதே பணத்துக்கு அரசாங்கக் கைப்பணிக் கடையான லக்சலவில் நிதானமாக வாங்கியிருக்கலாம். அங்கே விலையும் எழுதியிருக்கும், நிற்க இடமும் இருக்கும். ஆகவே சந்தையில் அன்றே நான்கைந்து பொருட்களை வாங்கி, மீதியைச் செய்து தரும்படி சொல்லிவிட்டு வருவதே என் ஆலோசனை. உங்கள் பட்டியலில் பொங்கலுக்குரியவர்களும் இருப்பதால் அவர்களுக்கான பொருட்கள் ஜனவரி நடுப்பகுதிவரை வந்து சேரலாம். இந்த அவகாசம் நத்தாருக்கு மட்டும் வாங்குபவர்களுக்கு இல்லை.

போவதற்கு முந்திய வாரத்தில், ஒரு வேலை நாளில், லக்சலவுக்கு ஒருமுறை சென்று விலைகளைப் பார்த்து வையுங்கள். சனிக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் கூடும் குட் மார்க்கெட் 2012இல் தொடங்கியது. அங்கே வருபவர்களிற் பலர் டிசெம்பர்ச் சந்தைகளிலும் மேசை போடுகிறார்கள் என்பதால், நெரிசலில்லாத ஒரு சனிக்கிழமையில் அவர்களைச் சந்தித்துவிட்டால் உங்கள் பாதி வேலை முடிந்துவிடும்.

சந்தை நாளில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கொழும்பு மக்கள் வெயில் தாழ்ந்த பிறகே வெளியே கிளம்புவார்கள்; டிசெம்பரில் பிற்பகல் மழையும் அபூர்வமன்று. திறந்த வெளியில் நிற்பவர்கள் எல்லோரும் மழைக்குக் கூடாரத்துக்குள் ஒதுங்கும் அந்த அரைமணி நேரந்தான் கடந்த வருடம் நீங்கள் பட்ட இடிபாட்டைப் போன்ற நிலைமையை உண்டாக்குகிறது. முதல் ஒரு மணித்தியாலத்தில் கைப்பணியாளருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். மாமியை அந்த நேரத்தில் அழைத்துச் சென்று, உணவுப் பகுதியில் ஒரு கதிரையைப் பிடித்து, மகனோடு அமரச் செய்யுங்கள். கூட்டம் சேரும்போது அவர்கள் இருவரும் வீடு திரும்பிவிடலாம். மகனின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிய தாளொன்று இருக்கட்டும். வாகனத்தைத் தரிக்க இடம் தேடி அலைவதைவிட முச்சக்கர வண்டியில் போவது நல்லது; திரும்பும்போது சந்தை வாசலில் வண்டிக்காகக் காத்திருக்காமல் ஒரு தெரு தள்ளி நடந்துபோய் அழையுங்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கையால் செய்த பொருளையும் மொத்தமாக இறக்கி விற்கும் பொருளையும் பிரித்தறிய நான் முதலில் நம்புவது கண்ணையன்று, ஒரு கேள்வியை. “இதையே கொஞ்சம் பெரிதாக, வேறு நிறத்தில் செய்து தர முடியுமா, எத்தனை நாள் ஆகும்?” என்று கேளுங்கள். செய்பவர் உடனே ஒரு தடையைச் சொல்வார்: அந்த நீளத்துக்கு ஓலை கிடைக்காது, அந்த நிறம் இந்த நூலில் ஏறாது, இரண்டு வாரம் வேண்டும், பெரிதானால் விலை இருமடங்கல்ல, மூன்று மடங்காகும் என்பதுபோல. வாங்கி விற்பவரோ வேறு அளவு ‘ஸ்டொக்’கில் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். வாங்கி விற்பது குற்றமன்று. பெண்கள் சங்கங்களின் பொருட்களை ஒருவர் கொண்டுவந்து விற்பதும் உண்டு. அப்படியானவர் யார், எந்த ஊரில் செய்தார்கள் என்பதைத் தயங்காமல் சொல்வார். ஊரும் தெரியாது, நாளும் தெரியாது என்றால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் தோழியின் வளையல் விற்ற மேசையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடயம் வெளிச்சமாகியிருக்கும்.

பேச்சுக்குப் பிறகு கண்ணுக்கும் கைக்கும் வேலை உண்டு. பத்திக் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின்னர் கொதிநீரில் மெழுகை அகற்றுவதால் நிறம் துணியின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருக்கும். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். இன்னும் உறுதியான சோதனை ஒன்றும் உண்டு. மெழுகு காய்ந்து வெடிக்கும் இடங்களில் சாயம் கசிந்து மயிரிழைபோன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகளில் ஒன்றை விரலால் தொட்டு வைத்துக்கொண்டு, அதே பூ வடிவம் மீண்டும் வரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கும் அதே கோடு அதே வளைவோடு இருந்தால், அது பத்திக்கைப் படம் பிடித்து அச்சிட்டது. மெழுகு இரண்டு முறை ஒரே விதமாக வெடிப்பதில்லை.

மருதமுனைக் கைத்தறிச் சேலை, சாரம் போன்றவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெய்பவர் ஊடு நூலைக் கையால் அடித்து இறுக்குவதால் சில இடங்களில் நெசவு சற்று நெருங்கியும் சில இடங்களில் சற்றுத் தளர்ந்தும் மெல்லிய பட்டைகளாகத் தெரியும். ஆனால் நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடங்கள் முன்பக்கத்தில் துருத்திக்கொண்டு நின்றால் அதைக் ‘கைவேலையின் அழகு’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம், அது கவனக்குறைவு. இந்தச் சலுகையை நம் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பனையோலைப் பொருட்களுக்கு டிசெம்பர் கடினமான காலம். வடக்கிலும் கிழக்கிலும் அப்போது வடகீழ்ப் பருவமழை. ஓலையும் பாய் பின்னும் பன் புல்லும் சரியாகக் காய்வதில்லை. ஆகவே பெட்டியையோ கடகத்தையோ எடுத்தவுடன் உள்ளே முகத்தை வைத்து மணந்து பாருங்கள். காய்ந்த ஓலையின் மணம் வந்தால் நல்லது. ஈர மணம் வந்தாலோ, பின்னல் மடிப்புகளுக்குள் கருமையான புள்ளிகள் தெரிந்தாலோ பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பொருள். நிறமூட்டிய ஓலையாயின் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. விளிம்பில் ஓலை நுனிகள் உள்ளே செருகப்பட்டு ஈர்க்கோடு இறுகக் கட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பதும் அந்தப் பெட்டி எத்தனை வருடம் நிற்கும் என்பதைச் சொல்லிவிடும்.

மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலையில், கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தும்போது உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது. இன்னொரு முறையில் அரக்கை நூலாக இழுத்து, கைந்நகத்தால் நறுக்கிக் கோலங்களாகப் பதிக்கிறார்கள். நகத்தால் செய்த வேலையில் கோடுகளின் முனைகள் சற்றே தடித்து, விரல் ஓட்டும்போது மேடாகத் தட்டுப்படும். பூச்சுப் பெயின்ற் வழவழவென்று மட்டமாக இருக்கும். இரண்டு வகை அரக்கு வேலைக்கும் வெப்பம் ஆகாது, வாங்கியபின் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிடாதீர்கள். பித்தளைக்குச் சிறு காந்தம் ஒன்று போதும்: ஒட்டினால் உள்ளே இரும்பு. தும்பறைப் பாய்நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பின்னர் அந்தக் கோலங்களை அச்சிட்ட பைகளும் பெருகியிருக்கின்றன. உண்மையான நெசவில் கோலம் துணிக்குள்ளேயே இருக்கும், மேலே ஒட்டியிருக்காது.

பேரம் பற்றி: புறக்கோட்டைப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஒற்றைப் பொருளுக்கு விலை குறைக்கச் சொல்வது, செய்தவரின் முகத்துக்கு நேரே அவருடைய நாட்கூலியைக் குறைக்கச் சொல்வதாகும். மேசை வாடகையையும் அவரே கட்டியிருக்கிறார். அதேவேளை ஒருவரிடமே ஆறு, ஏழு பொருட்கள் எடுக்கும்போது “மொத்தமாக எவ்வளவுக்குத் தருவீர்கள்?” என்று கேட்பது முற்றிலும் நியாயம். உங்கள் அலுவலகத் தோழர்களுக்கு இந்த வழியே பொருந்தும். ஆளுக்கொன்றாகத் தேடாமல் ஒரே கைப்பணியாளரிடம் ஒரே வகையை வாங்குங்கள். உள்ளே இருப்பதும் அதைச் சுற்றியிருப்பதும் சேர்ந்தே அன்பளிப்பாக வேண்டுமென்றால் சிறு ஓலைப் பெட்டிக்குள் பனங்கட்டி வைத்த பனங்கட்டிக் குட்டானைவிடச் சிறந்ததை நான் அறியேன். பொதி சுற்றும் தாளுக்கும் செலவில்லை. சந்தை முடியும் நேரத்தில் மண்பாண்டம்போன்ற பாரமான பொருட்களின் விலை தானாக இறங்குவது உண்மைதான், ஏனெனில் அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக எவருக்கும் விருப்பமில்லை. ஆனால் அதற்குள் நல்லவை போய்விட்டிருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, தொலைபேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் அட்டை பல மேசைகளில் இருந்தாலும் கூட்டம் கூடும்போது தொலைபேசி இணைப்பு திணறும். 500, 1000 ரூபாத் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள்; காலை வேளையில் 5000 ரூபாத் தாளை நீட்டினால் மிச்சக்காசுக்கு அவர் நான்கு மேசை ஏறி இறங்க வேண்டியிருக்கும். 30,000 ரூபாவில் முக்கியமான மூன்று பேருக்கென்று பாதியை ஒதுக்கிவிட்டு மீதியைப் பகிர்ந்தால், நெரிசலில் மனம் தடுமாறி மெழுகுவர்த்தி வாங்கும் நிலை வராது. (வாசனை மெழுகுவர்த்திமேல் எனக்குப் பகையில்லை, கொழும்பு வெக்கையில் அது அலுமாரியிலேயே வளைந்துபோகிறது, அவ்வளவுதான்.)

செய்து தரச் சொல்லும்போது அளவு, நிறம், விலை, கொடுத்த முற்பணம், தரும் திகதி ஆகிய ஐந்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் கடமை. அச்சடித்த புத்தகம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டாலும் போதும். முறைப்பாடு இருந்தால் சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். முற்பணமாகப் பாதிக்குமேல் கொடுக்க வேண்டாம். செய்து முடித்ததும் படம் அனுப்பச் சொல்லி, பார்த்தபின் மீதியைச் செலுத்துங்கள். டிசெம்பர் நடுப்பகுதிக்குமேல் நத்தாருக்கென்று அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்பவரைவிட மறுப்பவரே நம்பத்தக்கவர்.

மெல்பேர்ண் தங்கைக்குத் துணிவகைதான் தொல்லையற்றது: பத்திக், கைத்தறி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிக் கையால் பின்னும் தென்பகுதிப் பீரலு ரேந்தை வைத்த மேசைவிரிப்பு. அவை பாரமில்லை, உடைவதில்லை, விமான நிலையத்தில் கேள்வியும் இல்லை. மரம், பிரம்பு, பனையோலை, பன் ஆகியவற்றாலானவற்றையும் அனுப்பலாம். ஆனால் அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது பயணிகள் அட்டையில் அவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டுவிட்டால் அதிகாரிகள் பார்வையிடுவார்கள். மரப்பட்டையோ பூச்சித் துளையோ இருந்தால் மருந்திடவோ அழிக்கவோ நேரிடும், ஆயினும் தண்டம் இல்லை. மறைத்தால்தான் தண்டம். ஆகவே பொருளை வாங்கும்போதே அடிப்புறத்தைத் திருப்பி, ஊசித்துளைபோன்ற ஓட்டைகளும் மாவுபோன்ற தூளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விதைகளாற் கோத்த மாலை, கைச்சங்கிலி வேண்டாம். அதிலும் சிவப்பில் கறுப்புப் பொட்டுள்ள குன்றிமணி நச்சு விதை, மகன் இருக்கும் வீட்டில் உங்களுக்கும் ஆகாது. ஆமையோட்டுச் சீப்பு, பவளப்பாறைத் துண்டு என்று யாராவது காட்டினால் தொடவே வேண்டாம், அவை இங்கேயே சட்டத்தால் தடுக்கப்பட்டவை. பனங்கட்டி போன்ற உணவுப் பொருளைத் தங்கை கொண்டுபோக விரும்பினால் அதையும் அதே அட்டையில் குறிப்பிட்டு, திறக்காத பொதியாகக் கைப்பையின் மேற்புறத்தில் வைக்கட்டும்.