வடகடல் தீவுக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் உள்ள லெர்விக் என்ற பழைய துறைமுக ஊருக்கு ஜூன் மாதம் ஆறு நாள் சுற்றுலா என்று கோவையில் ஒரு பயண நிறுவனம் அறிவித்திருக்கிறது. நோட்டீஸில் ‘வட ஒளி தரிசனம் நிச்சயம்’ (வடக்கு வானில் இரவில் தோன்றும் வண்ண ஒளி) என்று இருக்கிறது. விசாவுக்கு முன்பே பாதிப் பணம் கட்ட வேண்டும், எக்காரணத்துக்கும் திருப்பித் தர மாட்டார்களாம். கட்டலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போது கட்டாதீர்கள் அம்மா. அந்த நோட்டீஸை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

லெர்விக் 60 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில் அங்கே பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். சூரியன் மறைந்த பிறகும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. நள்ளிரவிலும் அந்தி வெளிச்சம் தங்கியிருக்கும். ஊர்க்காரர்கள் அதை ‘சிம்மர் டிம்’ என்கிறார்கள். வட ஒளியைப் பார்க்க நல்ல இருட்டு வேண்டும். நீண்ட இரவுகள் உள்ள குளிர்காலத்திலும் வானம் தெளிந்து, சூரியனின் சீற்றமும் சேர்ந்துவந்தால்தான் உண்டு. எந்த மாதத்திலும் ‘நிச்சயம்’ சொல்ல முடியாத ஒன்றை, ஜூனில் நிச்சயம் என்று அச்சடித்திருப்பது பொய். சிறுகச் சிறுகச் சேர்த்த ஓய்வுப் பணத்தை இப்படிக் கேட்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் ஊரின் மேல் குறை இல்லை. ஜூனில் போக அருமையான இடம். 17ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரர்களோடு நடந்த வியாபாரத்தில் வளர்ந்த ஊர் அது. கடலுக்குள் அஸ்திவாரம் இறக்கிய ‘லாட்பெரி’ வீடுகளில், படகுச் சரக்கை வாசலிலேயே இறக்கிக்கொண்டார்கள். 1673இல் டச்சுக்காரர்கள் எரித்த கோட்டையை 1781இல் புதுப்பித்து அரசி ஷார்லட்டின் பெயரை வைத்தார்கள். தீவே ஓர் அடமானச் சொத்து என்பது இன்னும் சுவையான செய்தி. டென்மார்க் அரசர் தம் மகளை ஸ்காட்லாந்து அரசருக்குக் கொடுத்தபோது, பேசிய சீருக்குப் பணம் புரளாமல் 1469இல் ஷெட்லாந்தை ஈடு வைத்தார். அது மீட்கப்படவே இல்லை.

ஆகவே பயணத்தைக் கைவிட வேண்டாம். கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து கப்பலா, விமானமா? கப்பல் என்றால் இரவு முழுவதும், 12 மணி நேரத்துக்கு மேல். ‘கப்பல் டிக்கெட் உட்பட’ என்ற சொல்லில் படுக்கை அறை அடங்காமல் போகலாம். உங்கள் வயதில் வடகடலை உட்கார்ந்தபடி கடக்காதீர்கள். காற்றால் கப்பல் தாமதமானால் கூடுதல் இரவுக்கு யார் செலவு? விமானம் என்றால் சம்பரோ விமான நிலையத்திலிருந்து ஊர் 40 கிலோமீட்டர், வண்டி உண்டா? தேவைப்படுவது பிரிட்டன் விசா. ஐரோப்பிய ஷெங்கன் விசா அங்கே செல்லாது. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை நிறுவனத்தின் முத்திரையோடு வாங்குங்கள். அதற்கு இசையாதவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கோடையிலும் வெப்பம் 14 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஊட்டிக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டர் போதாது, காற்றைத் தடுக்கும் மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதே போன்ற சுற்றுலாவுக்கு ₹1,80,000 கட்டினேன். விசா கிடைக்கவில்லை. ரசீதின் பின்புறம் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், தாராபுரம்

பதில்: அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடாது. ஓட்டலுக்கும் கப்பலுக்கும் உங்கள் பெயரில் உண்மையில் எவ்வளவு செலவானது, அதில் எவ்வளவு திரும்ப வந்தது என்பதற்குப் பில் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். விசாக் கட்டணம் மட்டும் திரும்பாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். லெர்விக்கில் கம்பளி ஸ்வெட்டர் வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாமா? அசல் என்று எப்படி அறிவது?
- வாசகர், திருப்பூர்

பதில்: பெற முடியாது. சுற்றுலாப் பயணிகள் கையோடு கொண்டுவரும் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு ஸ்காட்லாந்திலும் 2021 தொடக்கத்தோடு நின்றுபோனது. 20 சதவீத வரி திரும்பும் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பதுபோல, அந்தத் தீவின் ஆட்டுக் கம்பளிக்கு 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு கிடைத்தது. ‘ஷெட்லாந்து பாணி’ என்பது வேறு, ‘ஷெட்லாந்தில் பின்னியது’ என்பது வேறு. கம்பளி எங்கே வெட்டியது, யார் பின்னியது, கையிலா இயந்திரத்திலா என்று கடையில் கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: உள்பக்கத்தைத் திருப்பி, குறுக்கே ஓடும் நூல்களைப் பாருங்கள். ஷெட்லாந்தின் பலவண்ண ‘ஃபேர் ஐல்’ பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான் ஓடும்.

மீதமாகும் ஸ்காட்லாந்து வங்கி நோட்டுகளை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள்.