குட்டிப் போர்க்களத்துக்கு மணல் மூட்டை

கேள்வி: 1/72 அளவில், முதல் உலகப்போரின்போது 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பதுங்குகுழியின் மாதிரியைச் செய்கிறேன். வீரர் பொம்மைகள் இருக்கின்றன. மணல் மூட்டை, தகரம், முள்கம்பி எங்கே கிடைக்கும்?

பதில்: மூட்டைகளைக் கடையில் தேடாதீர்கள், குழாய் ஒழுகலை அடைக்கப் பிசைந்து பூசும் எம்-சீல் போதும். இந்த அளவில் ஆறடி வீரன் இரண்டரை செ.மீ. உயரம்தான். அரை மீட்டர் மூட்டை 7 மி.மீ. வரும். பிசைந்து, திரித்து, நறுக்கி, ஈரமாக இருக்கும்போதே மருந்துக்கடை காஸ் துணியை மேலே அழுத்தி எடுங்கள். சாக்கின் நெசவு அப்படியே பதியும். அடுக்கும்போது கீழ் மூட்டை கொஞ்சம் நசுங்கட்டும், அப்போதுதான் கனம் தெரியும்.

நெளிதகரத்துக்கு, மெத்தென்ற அட்டைமேல் அலுமினியத் தாளை வைத்து 6 மி.மீ. போல்ட்டை அழுத்தி உருட்டுங்கள். மரையின் இடைவெளி 1 மி.மீ., அளவுக்குச் சரியாக இருக்கும். முள்கம்பிக்குப் பழைய மோட்டாரின் செம்புக்கம்பி.

காசு கொடுத்து வாங்குவதானால் துப்பாக்கி, மண்வெட்டி மட்டும் வாங்குங்கள். 1/76 பொருள்களும் ஒத்துப்போகும், 1/48 வேண்டாம்.

அப்புறம், டாங்கி வைக்காதீர்கள். அது முதன்முதலில் களமிறங்கியது செப்டம்பர் 15-இல்தான். நான் ஒட்டிவிட்டுப் பெயர்த்தெடுத்தேன், மனசு வலித்தது. மண்ணிலும் கவனம் வேண்டும்: அங்கே தோண்டினால் சுண்ணாம்புப் பாறை, குழி ஓரமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்.