ஊர் அஞ்சலகத்துக்கு வயது என்ன?

சென்ற இதழில் ஊர் வரலாறு எழுதுவது பற்றி வெளியான கட்டுரைக்குப் பிறகு, அஞ்சலகம் தொடர்பாகவே நிறையக் கேள்விகள் வந்தன. தபால் வரலாறும் தபால்தலைகளும் நன்கு அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அஞ்சலகம் 1951-ல் வந்தது என்று விழா மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த ஓர் உறையில் சங்கு போட்ட தபால்தலை ஒட்டியிருக்கிறது, அதில் விலை 'சக்கரம்' என்று இருக்கிறது. மலர் சொல்வது தவறா?
– வாசகர், தக்கலை

பதில்: மலரில் உள்ள வருடத்துக்கு ஒரு காரணம் உண்டு. திருவிதாங்கூர்–கொச்சியின் 'அஞ்சல்' துறை 1951 ஏப்ரல் 1-ல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அந்தத் தேதியையே தொடக்கமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் உறை அதற்கும் முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

உங்கள் தக்கலை இருக்கும் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு சேரவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் அங்கே கடிதம் சுமந்தது 'அஞ்சல்' துறைதான். இன்று நாம் தமிழ்நாடு முழுக்கச் சொல்லும் 'அஞ்சல்' என்ற சொல், உங்கள் பக்கத்து மக்களின் வாயில் நம் எல்லோருக்கும் முன்பே புழங்கிய சொல்! திருவிதாங்கூரின் சங்குத் தலைகள் முதலில் 1888-ல் 1, 2, 4 சக்கர விலைகளில் வந்தன. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய்.

அதே காலத்தில் சமஸ்தானத்தின் முக்கிய ஊர்களில் பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் இயங்கின. சமஸ்தானத் தலையை ஒட்டி மதராசுக்குக் கடிதம் போட முடியாது, அதற்கு இந்தியத் தலை வேண்டும். ஆகவே ஓர் ஊரில் அஞ்சல் ஆபீசும் தபால் ஆபீசும் தனித்தனியாக இருந்திருக்கலாம், இரண்டுக்கும் வேறு வேறு தொடக்கத் தேதி இருக்கும். மலரின் அடுத்த பதிப்பில் அஞ்சல் ஆபீஸ், பிரிட்டிஷ் தபால் ஆபீஸ் (இருந்திருந்தால்), 1951 இணைப்பு என்று மூன்றையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

சங்கை மட்டும் வைத்து வருடம் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சின்னம் பல பத்தாண்டுகள் தலைகளில் தொடர்ந்தது. தலையின் மேல் அணா, பை விலை கூடுதலாக அச்சாகியிருந்தால் உறை 1949 ஜூலைக்குப் பிந்தையது. அது இல்லையென்றால் தலையின் மேல் குத்திய தேதி முத்திரையைத்தான் நம்ப வேண்டும்.

சமஸ்தானக் காகிதங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு வரும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824 கூட்டுங்கள், அதன்பின் ஆடி முடிய 825. கொல்லம் 1064 ஐப்பசி என்றால் 1888, அதே 1064 மாசி என்றால் 1889. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு ஒரு வருடம் தள்ளிப்போகிறவர்கள் ஏராளம். கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நிற்காமல் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும். திருவிதாங்கூர் ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் அஞ்சல் துறைக்குத் தனிப் பகுதி இருக்கும். முதலில் அதைப் புரட்டுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு வந்த கடிதங்களில் முத்திரை மங்கிக் கிடக்கிறது. எப்படிப் படிப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தலையை உரிக்கவே கூடாது, தண்ணீரும் தொடக்கூடாது. பாதி முத்திரை தலையிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். பிரித்தால் இரண்டுமே பயனற்றுப்போகும். உறையை 600 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன் எடுங்கள். சிவப்புத் தலையில் கறுப்பு முத்திரை என்றால், படத்தைத் திருத்தும் செயலியில் சிவப்பு நிறத் தடத்தை (ரெட் சேனல்) மட்டும் காட்டச் சொல்லுங்கள். தலை வெளிறிப்போய் முத்திரை கறுப்பாக எழும். மை போய் அழுத்தம் மட்டும் தெரிந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சை உறையின் விளிம்போடு படுக்கவைத்துப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும்.

அடுத்து உறையின் பின்பக்கம். முன்னால் இருப்பது போட்ட ஊரின் முத்திரை. பின்னால் பெரும்பாலும் வந்து சேர்ந்த ஊரின் முத்திரை. உங்கள் ஊருக்கு வந்த கடிதத்தில் உங்கள் ஊர்ச் சான்று பின்னால்தான் இருக்கும். பலர் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

முத்திரையும் சில நேரம் பொய் சொல்லும். நாள், மாதம், வருடம் ஆகியவை சிறு அச்சுத் துண்டுகளாக முத்திரைக் கட்டையில் காலையில் மாற்றிச் செருகப்படும். மாற்ற மறப்பார்கள், வருடத் துண்டைத் தலைகீழாகச் செருகியும் விடுவார்கள். இதற்காகத்தான் அஞ்சலகத்தில் நாள்தோறும் முத்திரையை ஒரு புத்தகத்தில் குத்திப் பார்க்கும் வழக்கம். ஆகையால் போட்ட தேதியையும் சேர்ந்த தேதியையும் ஒப்பிடாமல் எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

முத்திரையே தெரியாவிட்டால் கட்டணத்தைப் பாருங்கள். கால் அணா அஞ்சலட்டை 1879-ல் வந்தது. அந்த விலை 1922-ல் அரை அணாவாக உயர்ந்தது. தலையில் 'நயா பைசா' இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு.

கேள்வி: எங்கள் கிராம அஞ்சலகம் மிகப் பழையது. ஆனாலும் பக்கத்து ஊர் பின்கோடுதான் எங்களுக்கும். எங்கள் அஞ்சலகம் பின்னால் வந்தது என்று அவர்கள் சொல்கிறார்களே?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பின்கோடு வயதைக் காட்டாது. 1972 ஆகஸ்ட் 15-ல் எண் கொடுத்தபோது தலைமை அஞ்சலகங்களையும் துணை அஞ்சலகங்களையும் வைத்துக் கொடுத்தார்கள். அவற்றின் கீழ் இயங்கும் கிளை அஞ்சலகம் எந்தத் துணை அஞ்சலகத்தோடு கணக்கு வைத்திருக்கிறதோ, அதன் எண்தான் அதற்கும். உங்களுடையது கிளை அஞ்சலகம் என்பதைத் தவிர அந்த எண் எதையும் சொல்லவில்லை.

கேள்வி: தொடங்கிய தேதியை அதிகாரபூர்வமாக எங்கே பெறலாம்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், இந்தியன் போஸ்டல் ஆர்டராகச் செலுத்தலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. 'எங்கள் அஞ்சலகத்தின் வரலாறு என்ன?' என்று கேட்டால் 'ஆவணம் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட வசதியாகிவிடும். ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: அஞ்சலகம் திறக்க உத்தரவிட்ட ஆணையின் நகல், கிளையிலிருந்து துணை அஞ்சலகமாக உயர்த்திய ஆணை, பெயர் மாற்றிய ஆணை, இடையில் மூடப்பட்டிருந்தால் அந்த ஆணை.

நான்கையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் சொல்லப்படும் தேதி பெரும்பாலும் துணை அஞ்சலகமாக உயர்ந்த நாளாகவோ புதுக் கட்டடம் திறந்த நாளாகவோ இருக்கும். கல்வெட்டு இருப்பது கட்டடத்துக்கு. அதற்கு முன் பள்ளிக்கூடத்திலோ கடையின் முன்கட்டிலோ கிளை அஞ்சலகமாக நடந்த வருடங்கள் எதிலும் பொறிக்கப்படவில்லை.

பழைய ஆணைகளைக் கால வரம்பு முடிந்ததும் அழித்துவிடும் விதி உண்டு. அப்படிப் பதில் வந்தால் பிரிட்டிஷ் காலத்தில் அச்சான இந்தியத் தபால் நிலையங்களின் பட்டியல்களைத் தேடுங்கள். ஒரு பட்டியலில் ஊர் இல்லாமல், அடுத்ததில் இருந்தால், இடைப்பட்ட வருடங்களுக்குள் திறந்தது என்று எழுதலாம். தேடும்போது அன்றைய எழுத்துக்கூட்டல்களை எல்லாம் முயலுங்கள். தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனதுபோலச் சின்ன ஊர்களின் பெயரும் சிதைந்திருக்கும். பட்டியலில் ஊர் இல்லை என்று முடிவுகட்டும் முன், கணக்கு வைத்திருந்த தலைமை அஞ்சலகத்தின் பெயரின் கீழும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.