முதல் பிறந்தநாளுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைவடைகிறது. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 38,000 ரூபாய். குழந்தை பிறந்ததிலிருந்து தள்ளுவண்டி, தானாக ஆடும் தொட்டில், பேட்டரியில் ஓடும் ஜீப் என்று அவர் வாங்கிக் குவித்த பொருள்களால் வீட்டில் நடக்க இடமில்லை. ஜீப்புக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது மண்டபம் பிடித்து, 300 பேரை அழைத்துப் பிறந்தநாள் கொண்டாடுவதற்காக ஒன்றரை லட்ச ரூபாய் தனிநபர்க் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். "நான் பட்ட ஏக்கம் என் பிள்ளை படக்கூடாது" என்கிறார். வேண்டாம் என்று சொன்னால் மாமியார் உட்பட எல்லோரும் என்னைக் கஞ்சப்பிசினாறி என்கிறார்கள். நான் நினைப்பது தவறா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தவறே இல்லை, சகோதரி. ஆனால் உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் வீண்பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவிழாக் கடைகளில் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நடந்து, கேட்டால் அடி விழும் என்று கேட்காமலே வீடு திரும்பிய பிள்ளைகள் பலர் இன்று தகப்பன்மார்களாக இருக்கிறார்கள். அந்த ஜீப்பை அவர் வாங்கியபோது அவருடைய கண்முன்னே நின்றது உங்கள் மகளாக இல்லாமல், ஐந்து வயதில் ஏங்கி நின்ற அவராகவே கூட இருந்திருக்கலாம். அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் அது உங்கள் மகளுடைய ஏக்கம் அன்று.

ஒரு வயதுக் குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கும் புதுமுக அச்சம் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வயதில் இன்னும் தணிந்திருக்காது. அறிமுகமில்லாத 300 முகங்களும், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியும், கையிலிருந்து கைக்கு மாறும் தூக்கல்களும், தூக்க நேரத்தில் மாட்டிவிடும் உறுத்தும் ஜிகினா உடையும் சேர்ந்தால் குழந்தை வீறிட்டு அழும். கேக் வெட்டும் புகைப்படத்தில் அழுது சிவந்த முகமே பதிவாகும். மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரியவர்களான பிறகு அநேகமாக எவருடைய நினைவிலும் தங்குவதில்லை என்பதும் உளவியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆகவே அந்த மண்டபம் யாருக்காக என்பதை நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. ஒன்றரை லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,130 ரூபாய் வரும். திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 1,84,500 ரூபாய். நான்கு மணி நேரக் கொண்டாட்டத்திற்காகச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நாளிலும் முதல் பிறந்தநாளின் கடனைச் சுமந்துகொண்டு பள்ளிக் கட்டணத்திற்கு வேறொரு கடனைத் தேடும் நிலை வரலாம். ஜீப்பின் தவணையை 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லி விற்றிருந்தால் அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி பெரும்பாலும் விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியை விழுங்கியிருக்கும். கிரெடிட் கார்டுத் தவணையானால் வட்டித் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் குடும்ப வழக்கத்தில் இருந்தால், குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, நெருங்கிய சொந்தம் நாற்பது பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். கையில் இருக்கும் பணத்தில் அது முடியும். பேத்தியின் விழாவை ஊர் பார்க்கவேண்டும் என்ற உங்கள் மாமியாரின் ஆசையும் அதில் பெருமளவு நிறைவேறும். ஆனால் கணவரிடம் இதை மாமியார் முன்னிலையில் பேசாதீர்கள். 'வீண்செலவு' என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சொல் அவருடைய பாசத்தையே வீண் என்று சொல்வதாக அவர் காதில் விழும். சிறுவயதில் அவர் எதற்கு ஏங்கினார் என்று முதலில் கேளுங்கள். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கடனைப் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள்.

கொடுக்கத் துடிக்கும் அந்தக் கைக்கு ஒரு வழியும் காட்டுங்கள். அஞ்சலகத்தில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போதும், 15 ஆண்டுகள் கட்டவேண்டும், கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில் முதிர்வடையும். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அரசு அதை மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசீலிக்கிறது.

தயங்காமல் செலவழிக்கவேண்டிய இடமும் உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், தலைக்கவசமும் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அணிவித்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டவேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் ஜீப் நிற்கிறது. உங்கள் மகளுக்குத் தலைக்கவசம் இருக்கிறதா என்பதை எனக்கு எழுதுங்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: ஐந்து வயதுப் பேரன், பக்கத்து வீட்டுப் பையனிடம் இருப்பதைப் போன்ற டேப்லெட் கேட்கிறான். மகள் மறுக்கிறாள். என் ஓய்வூதியத்தில் நான் வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம், ஐயா. இரண்டு வயதிலிருந்து ஐந்து நிறையும் வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை கூடாது, ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது இந்தியக் குழந்தைகள் நலமருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. சொந்தமாக ஒரு டேப்லெட் வந்துவிட்டால் அந்த வரம்பைக் காவல் காப்பது உங்கள் மகளின் அன்றாடப் போராட்டமாகிவிடும். அதைவிட, அம்மா மறுத்ததைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்வது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. மகளிடம் கேட்டுக்கொண்டு, அவள் சம்மதிக்கும் ஒன்றை வாங்குங்கள். மாலையில் அவனை உங்களோடு வடசேரிச் சந்தைக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். வழியில் அவன் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல அந்த வீட்டில் நேரம் இருப்பவர் நீங்கள்தான்.