நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் எல்லாரும் ஒரே இனம், ஒரே மொழி என்பதால்தானே அங்கே சமத்துவம் வந்தது?

இந்தக் கேள்வியை நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்துதான் பார்த்தனான். ஏற்கெனவே வந்திருக்கிற பதில் எல்லாம் "ஓம், அங்க ஒரே சனம், அதால சண்டை இல்லை, நாங்கள் பல சாதி பல மொழி, எங்களால ஏலாது" எண்டுதான் போகுது. பேசாமல் போய்ப் படுப்பம் எண்டு பார்த்தன், நித்திரை வரேல்லை. நான் 1987ல நோர்வேக்கு வந்தனான், முதல் ஒன்பது வருஷம் வடக்கு அந்தத்தில ஃபின்மார்க் எண்ட மாகாணத்தில மீன் பக்டறி வேலை, பேந்து ஒஸ்லோவுக்கு வந்து இப்ப பஸ் ஓடுறன். கேட்டிருக்கிற விதத்தைப் பார்க்க நீங்கள் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல இருக்கு. அப்பிடியெண்டால் ஆறுதலா வாசியுங்கோ, ஏனெண்டால் அந்த "ஒரே இனம்" எண்ட வரி பிழை.

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன், பிறகு கொமெண்ட்ல வந்து "தின்ன வீட்டுக்கு ரெண்டகம் செய்யாத" எண்டு எழுதுறவைக்காக. என்ர மனிசியின்ர ரெண்டு பிரசவம், என்ர நெஞ்சு ஒப்பரேஷன், பிள்ளையளின்ர யூனிவர்சிட்டி, ஒண்டுக்கும் நான் கடன்படேல்லை. இந்த நாட்டை நான் நேசிக்கிறன். நேசிக்கிறதாலதான் அதின்ர கதையைப் பாதியாச் சொன்னால் கோபம் வருது.

ஃபின்மார்க்கில எங்கட ஆக்கள் கனபேர் இருந்தவை, கடற்கரையில ஒவ்வொரு சின்ன ஊரிலயும் மீன் பக்டறி, உள்ளூர்ச் சனம் செய்ய விரும்பாத வேலைக்கு நாங்கள் போனனாங்கள். கார்த்திகைக் கடைசியில போற சூரியன் தை மாசக் கடைசியிலதான் திரும்ப வரும். என்ர வேலை, தொர்ஸ்க் எண்டு சொல்லுற கொட் மீனின்ர ஃபிலேயில முள்ளும் புழுவும் பார்த்து எடுக்கிறது. மேசை கண்ணாடி, கீழயிருந்து லைட் எரியும், ஃபிலேயைப் பரப்பி வச்சால் சதைக்குள்ள சுருண்டு கிடக்கிற புழு கறுப்பாத் தெரியும், கத்தி நுனியால கிள்ளி எடுக்கவேணும். வெளியில நாள் முழுக்க இருட்டு, உள்ள எங்களுக்கு வெளிச்சம் எண்டால் அந்த மேசை மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில ஒரு அம்மா நிக்கிறவா, அப்ப நாற்பத்தஞ்சு வயசிருக்கும். பேர் வேண்டாம். நல்ல கை, ஒரு நிமிஷத்தில நான் ஒண்டு முடிக்க அவா மூண்டு முடிப்பா, ஆனால் கதை குறைவு. ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில நானும் புங்குடுதீவுப் பெடியன் ஒருத்தனும் ஊர்க்கதை கதைச்சுக்கொண்டிருக்க மேற்பார்வை செய்யிற ஆள் வந்து "இங்க நோர்வேஜியன் மட்டும் கதையுங்கோ, இடைவேளையிலயும்தான்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார். பெரிசாச் சத்தம் போடேல்லை, சும்மாதான் சொன்னவர். ஆனால் அந்த அம்மாவின்ர முகம் வெளிறிப்போச்சு. எங்களுக்குச் சொன்னதுக்கு இவா ஏன் இப்பிடி இருக்கிறா எண்டு எனக்கு விளங்கேல்லை.

பின்னேரம் திரும்ப லைனில நிக்கேக்க, என்ர பக்கம் திரும்பாமலே கேட்டா, "உன்ர பாஷையில இதுக்கு என்ன பேர்?" கையில மீன். நான் "மீன்" எண்டன். அவா பின்னால ஆராவது நிக்கினமோ எண்டு ஒருக்காப் பார்த்திட்டு, மெல்லமா "குவொல்லி" எண்டா. அது நோர்வேஜியன் இல்லை எண்டது மட்டும்தான் அண்டைக்கு எனக்கு விளங்கினது.

அதுதான் சாமி மொழி. கோயில் சாமி இல்லை, அந்த இனத்தின்ர பேரே அதுதான். நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா எண்டு நாலு நாட்டின்ர வடக்கிலயும், இந்த எல்லையெல்லாம் போடுறதுக்கு முதலே இருந்த சனம். எல்லாரும் ரெயின்டியர் மேய்க்கிற ஆக்கள் எண்டு படத்தில காட்டுவினம், அது பிழை, கனபேர் கடற்கரையில மீன் பிடிச்சு நாலு ஆடு மாடு வச்சிருந்த சனம். அந்த அம்மா அப்பிடி ஒரு கடலோரச் சாமிக் குடும்பம். இதை எனக்குச் சொல்ல அவாக்கு ரெண்டு வருஷம் எடுத்தது. தன்ர சொந்தப் பிள்ளையளுக்கு அப்பவும் சொல்லேல்லை.

போரின்ர கடைசியில, 1944ல, ஜேர்மன் படை பின்வாங்கேக்க ஃபின்மார்க்கையே கொளுத்திப்போட்டுத்தான் போனது. ஐம்பதாயிரம் பேர் அளவில தெற்குக்கு ஏத்தினவை, மிச்சச் சனம் குகையிலயும் மண்குடிசையிலயும் ஒளிச்சிருந்தது. அப்ப இவாக்கு ரெண்டு வயசு. தாயின்ர சாமி உடுப்பு, வீட்டுச் சாமான் எல்லாம் அந்த நெருப்போட போச்சு. பிறகு அரசாங்கம் கட்டிக் குடுத்த வீடெல்லாம் ஒரே அச்சு. அதில ஆர் சாமி, ஆர் நோர்வேஜியன் எண்டு வெளியில நிண்டு பார்த்தால் தெரியாது. ஏழு வயசில விடுதிப் பள்ளிக்கூடம், அதுவும் தகரமும் பலகையும் அடிச்ச ஒரு பரக்கில. போகேக்க அவாக்கு நோர்வேஜியனில ஒரு சொல்லுத் தெரியாது. முதல் கிழமை "கக்கூசுக்குப் போகவேணும்" எண்டு கேக்கத் தெரியாமல் வகுப்பிலயே உடுப்போட போய், அந்த ஈரத்தோட மணி அடிக்கும் வரைக்கும் இருந்தவாவாம். இதைச் சொல்லேக்க அவாக்கு ஐம்பது வயசு, அப்பவும் வாயை மூடிக்கொண்டுதான் சொன்னவா.

இதை ஒரு பொல்லாத ரீச்சர் செய்த வேலை எண்டு நினையாதேங்கோ, இது சட்டம். 1851ல இருந்தே நோர்வே பாராளுமன்றம் இதுக்கெண்டு தனியாக் காசு ஒதுக்கினது, பிள்ளையளை நோர்வேஜியனுக்கு மாத்திக் காட்டுற ரீச்சர்மாருக்கு மேலதிகச் சம்பளம். 1898ல வந்த உத்தரவு, சாமி மொழியை வேற வழியே இல்லாத இடத்தில மட்டும்தான் வகுப்பில பாவிக்கலாம், இடைவேளையிலயும் பிள்ளையள் கதைக்காமல் பார்க்கவேணும் எண்டது. இடைவேளையில! பக்டறியில அவாவின்ர முகம் ஏன் வெளிறினது எண்டு இதை வாசிச்ச பிறகுதான் எனக்கு விளங்கினது. 1902ல காணிச் சட்டம், ஃபின்மார்க்கில அரசாங்கக் காணி வாங்கிறதெண்டால் நோர்வேஜியன் கதைக்க வாசிக்க எழுதத் தெரிஞ்சிருக்கவேணும், அதை அன்றாடம் பாவிக்கவேணும், காணிக்கு வைக்கிற பேரும் நோர்வேஜியனில இருக்கவேணும். சாமி மொழியில படிப்பிக்கலாம் எண்டு பள்ளிக்கூடச் சட்டத்தில வந்தது 1959லதான். அதுக்கிடையில சில ஊரில, 1930 கணக்கெடுப்பில பாதிச் சனத்துக்குக் கிட்ட சாமி, க்வென் எண்டு பதிஞ்ச இடத்தில, 1950ல ஒருத்தரும் இல்லாத மாதிரிப் போச்சு. க்வென் எண்டது பின்லாந்துப் பக்கமிருந்து வந்து குடியேறின சனம், அவைக்கும் இதே கெதிதான். சனம் செத்துப் போகேல்லை, அதே வீட்டிலதான் இருந்தது, "நாங்கள் சாமி" எண்டு சொல்லுறதைத்தான் விட்டது. "ஒரே இனம்" எண்டு நீங்கள் படிச்சது இப்பிடி உண்டாக்கினது.

எனக்கு விளங்காத விஷயம் என்னெண்டால், இதைச் செய்த நோர்வேஜியன்காரர் தாங்களே மொழிக்காகப் பாடுபட்ட ஆக்கள். 1814 வரைக்கும் டென்மார்க்குக்குக் கீழ, பேந்து 1905 வரைக்கும் சுவீடன் ராசாவுக்குக் கீழ. எழுதுறது டேனிஷ், கதைக்கிறது வேற. அதால கிராமத்துப் பேச்சில இருந்து ஒரு எழுத்துமொழியை உருவாக்கி, 1885ல ரெண்டு எழுத்துமொழிக்கும் சம இடம் எண்டு பாராளுமன்றத்தில முடிவெடுத்தவை, இண்டைக்கும் ரெண்டும் இருக்கு. அப்ப "ஒரே மொழி" எண்டதும் பிழைதானே? அந்த முடிவு வந்து பதின்மூண்டு வருஷத்திலதான் மற்றவனின்ர மொழியை இடைவேளையிலயும் கதைக்கவிடாத உத்தரவு. 1956ல எங்கட இலங்கையில "சிங்களம் மட்டும்" சட்டம் வந்தது எண்டு தெரிஞ்ச எனக்கு இதைச் சும்மா வாசிச்சிட்டுப் போக ஏலாது. ரெண்டும் ஒண்டெண்டு சொல்ல வரேல்லை, இஞ்ச குண்டு போடேல்லை, அதுக்காக ஆரும் சண்டைக்கு வராதேங்கோ.

சரி, சமத்துவம் எப்பிடி வந்தது? அடிபட்டுத்தான் வந்தது. ஃபின்மார்க்கில மேஹாம்ன் எண்டு ஒரு ஊர், 1903ல அங்க மீன்பிடிகாரர் ஆயிரக்கணக்கில சேர்ந்து திமிங்கிலம் பிடிக்கிற கொம்பனியின்ர கட்டடத்தை இடிச்சுப் போட்டவை. திமிங்கிலம்தான் மீனைக் கரைக்குக் கலைச்சுக்கொண்டு வரும், அதைக் கொண்டால் எங்களுக்கு மீன் இல்லை எண்டது அவையின்ர நம்பிக்கை. ஆமியை அனுப்பினவை. ஆனால் அதே வருஷத் தேர்தலில தொழிற்கட்சிக்கு முதல்முதல் பாராளுமன்ற ஆசனம் கிடைச்சது வடக்கிலதான். மூண்டு வருஷம் கழிச்சு, 1906ல, அதே கட்சியில ஃபின்மார்க்கில இருந்து போன ஐசாக் சாபா எண்டவர் ஒரு சாமி, பள்ளிக்கூட வாத்தியார், பாராளுமன்றம் போன முதல் சாமி அவர்தான். மீன் விலையை யாவாரி தீர்மானிக்காமல் மீன்பிடிகாரரின்ர சங்கமே தீர்மானிக்கிற சட்டம் 1938ல. இதெல்லாம் ரெத்தம் ஒண்டு எண்டதால வரேல்லை, சங்கம் கட்டினதால வந்தது. "ஒரே இனம்" எண்டால் சண்டை வராதோ? பின்லாந்தில 1918ல மூண்டரை மாச உள்நாட்டுச் சண்டையிலயும் அதுக்குப் பிறகு மறியல் முகாமிலயுமா முப்பத்தாறாயிரத்துக்கு மேல சனம் செத்தது, பின்லாந்துக்காரனைப் பின்லாந்துக்காரனே கொண்டது, பணக்காரர் ஏழை எண்ட சண்டையில. சுவீடனில ஓடலென் எண்ட இடத்தில 1931 மே மாசம் தொழிலாளர் ஊர்வலத்தில ஆமி சுட்டு அஞ்சு பேர் போச்சினம். அதே சுவீடன் 1922ல உப்சாலாவில இன உயிரியலுக்கு ஒரு அரச நிறுவனம் திறந்து சாமிச் சனத்தின்ர மண்டையை அளந்தது. 1951ல டென்மார்க் கிரீன்லாந்தில இருந்து 22 பிள்ளையளை டேனிஷ்காரரா வளர்க்கிறதுக்குக் கப்பலேத்தினது, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2020ல.

மண்டை எண்டோடன இன்னொண்டு. 1852ல கௌடோகெய்னோ எண்ட ஊரில சாமிச் சனம் எழும்பி சாராயம் வித்த யாவாரியையும் அதிகாரியையும் கொண்டது. அதுக்கு 1854ல ரெண்டு பேரின்ர தலையை வெட்டி, தலையை ஆராய்ச்சிக்கெண்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்பினவை. சொந்தக்காரர் கேட்டுக் கேட்டு 1997லதான் புதைக்கக் கிடைச்சது. பதினெட்டு வயசுப் பெடியன் எண்டு தலை தப்பின லார்ஸ் ஹெத்தா, மறியலுக்குள்ள இருந்துகொண்டே பைபிளைச் சாமி மொழிக்கு மாத்தினவர்.

இடையில என்ர ஆத்திரம் ஒண்டையும் சொல்லோணும். காணிக்கு நோர்வேஜியன் பேர் வைக்கோணும் எண்டதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது என்ர பேர். வந்த புதுசில பதியிற இடத்தில என்ர அப்பாவின்ர பேரைக் குடும்பப் பேரா எழுதினவை, நீளம் எண்டு கடைசி மூண்டு எழுத்தையும் வெட்டினவை. முப்பத்தெட்டு வருஷமா டொக்டர், பாங்க், என்ர டிப்போ எல்லாரும் என்னைச் செத்துப்போன என்ர அப்பாவின்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகினம், அதுவும் முழுசா இல்லை. என்ர மகளுக்கும் அந்த வெட்டின பேர்தான். அப்பாவை ஊரில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, வாத்தியார் எண்டுதான் கூப்பிடுவினம். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டு தெரியும், இருந்தாலும் எழுதாமல் இருக்க ஏலேல்லை.

நிலைமை மாறினதும் சும்மா மாறேல்லை. ஃபின்மார்க்கில சாமிச் சனத்தின்ர பக்கத்தால ஓடுற ஆல்டா ஆத்தில அணை கட்டப் போறம் எண்டோடன, 1979ல ஒஸ்லோவில பாராளுமன்றத்துக்கு முன்னால கூடாரம் அடிச்சுச் சாமிப் பெடியள் உண்ணாவிரதம் இருந்தவை. 1981 தை மாசம், அந்தக் குளிரில, சங்கிலியால தங்களைக் கட்டிக்கொண்டு இருந்த சனத்தை அறுநூறு பொலிஸ் வந்து தூக்கினது. அணையைக் கட்டித்தான் முடிச்சவை. ஆனால் அதுக்குப் பிறகுதான் 1987ல சாமிச் சட்டம், 1989ல கராஷோக்கில சாமி பாராளுமன்றம், 1997ல ராசா ஹரால்ட் அங்க போய் மன்னிப்புக் கேட்டது. அதோட முடிஞ்சுது எண்டும் இல்லை. ஃபோசன் எண்ட இடத்தில ரெயின்டியர் மேய்ச்சல் காணியில 151 காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கினம், 2021ல உச்ச நீதிமன்றமே இது சாமிச் சனத்தின்ர உரிமையை மீறுது எண்டு தீர்ப்புச் சொன்னது, காத்தாடி இன்னும் சுத்துது. 2023 மாசியில இதை எதிர்த்து இளம் பெடி பெட்டையள் ஒஸ்லோவில ஒரு அமைச்சின்ர வாசலை மறிச்சு இருக்கேக்க என்ர மகளும் போனவள். நான் பஸ்ஸில அந்தப் பக்கத்தால போகேக்க ஹோர்ன் அடிச்சனான், டிப்போவில ஏச்சு விழுந்தது, பரவாயில்லை.

அந்த வருஷம் ஜூனில, இந்தச் சனங்களை நோர்வேஜியனாக்கின கதையை விசாரிச்ச உண்மை ஆணைக்குழு அறிக்கை குடுத்தது, 2024 நவம்பர் 12ல பாராளுமன்றம் சாமி, க்வென், காட்டு ஃபின் (முந்திப் பின்லாந்துப் பக்கமிருந்து வந்து காட்டுப்பக்கம் குடியேறின சனம்) எண்ட மூண்டு சனத்திட்டயும் மன்னிப்புக் கேட்டது. அண்டைக்கு ராத்திரி நான் அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தன். இப்ப எண்பது தாண்டிட்டா, அதே ஊர்தான், தனிய இருக்கிறா. மன்னிப்பைப் பற்றிக் கேட்டன். ரிவியில பார்த்தன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் கதையை மாத்திட்டா. ஊரில சாமி மொழி வகுப்பு ஒண்டு தொடங்கியிருக்காம், பேத்தி பதிஞ்சு விட்டவளாம், படிப்பிக்கிற பெட்டைக்கு இருபத்தாறு வயசாம். எனக்கும் சொல்லிக் காட்டுங்கோ எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒக்தா, குவொக்தே, கோல்ப்மா எண்டு தொடங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருக்கா மூச்சு விட்டு, பத்து வரைக்கும் எண்ணினா.