பிஹெச்.டி. படிக்கும் மகள் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால்

அன்புள்ள அம்மா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மகள் இயற்பியலில் பிஹெச்.டி. நான்காம் ஆண்டு. இப்போது, "என்றைக்காவது நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்குப் போட்டியிடுவேன்" என்கிறாள். இத்தனை வருடப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. உங்கள் மாநிலத்திலேயே இதைச் செய்துகாட்டியவர் இருக்கிறார்.

ஆண்ட்ரூ ஸ்விக்கர், பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி. 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போக, ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நின்று தோற்றார். (அதே களத்தில் தோற்ற இன்னொருவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பல ஆண்டுகள் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியில் இருந்த உபேந்திர சிவுகுலா.) ஸ்விக்கர் அடுத்த ஆண்டே 16-ஆவது தொகுதியில் அசெம்பிளிக்கு நின்றார். ஜெயித்தது வெறும் 78 ஓட்டில்! 2021-ல் மேலவையான மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவரிடம் தோற்ற மைக்கேல் பாப்பஸை, 1998-ல் காங்கிரஸ் தேர்தலில் தோற்கடித்தவர் ரஷ் ஹோல்ட். அவரும் அதே ஆய்வுக்கூடத்து இயற்பியலாளர்தான்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஸ்விக்கர் சட்டமன்றத்துக்குப் போனபோது ஆய்வுக்கூட வேலையை விடவில்லை என்பதை. நியூ ஜெர்சியில் உறுப்பினர் பதவி பகுதி நேரப் பதவி. பலரும் வக்கீலாகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்துக்கொண்டே தலைநகர் டிரென்டனுக்குப் போய் வருகிறார்கள். ஆண்டுச் சம்பளம் நெடுங்காலம் 49,000 டாலராகவே இருந்தது, 2026-லிருந்து 82,000. ஆகவே வயிற்றுப்பாட்டுக்கு ஆய்வுக்கூட வேலை வேண்டும், அதற்கு பிஹெச்.டி. முடிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வயதைப் பற்றி அவசரமே இல்லை: அசெம்பிளிக்கு 21, செனட்டுக்கு 30 ஆகியிருந்தால் போதும்.

வேலை தேடும்போது ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: சம்பளம் தருவது யார்? மத்திய அரசின் நேரடி ஊழியர், கட்சிகள் போட்டியிடும் தேர்தலில் வேட்பாளராக நிற்கக் கூடாது. 1939-ல் வந்த ஹேட்ச் சட்டம் அப்படி. பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் மத்திய அரசின் எரிசக்தித் துறையினுடையது, ஆனால் அதை நடத்துவது பல்கலைக்கழகம். அங்குள்ளவர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள். அதனால்தான் ஸ்விக்கரால் நிற்க முடிந்தது. வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. கேட்காமல் விட்டால் பத்து வருடம் கழித்து வழி அடைபடும்.

சரி, ஆசை நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரஷ் ஹோல்ட் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே, 1982-ல் ஓராண்டு ஃபெலோஷிப்பில் காங்கிரஸ் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். வேட்பாளரானது எத்தனையோ ஆண்டு கழித்து. இன்று மாநில அளவிலேயே அப்படி ஒரு வழி உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈகிள்டன் நிறுவனம் பிஹெச்.டி. முடித்தவர்களை மாநில அரசு அலுவலகங்களில் அமர்த்தும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. பட்டம் முடியும் ஆண்டில் அது அழைப்பு விடுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், அடுத்த தேர்தல் பிரச்சாரத்தில் யாராவது ஒரு வேட்பாளருக்காக நாலு சனிக்கிழமை வீடு வீடாகப் போய்வரட்டும். கதவைத் திறக்கும் பெரியவர் பிளாஸ்மாவைப் பற்றிக் கேட்கமாட்டார். கையில் சொத்து வரி ரசீதோடு வந்து, "இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்பார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்க அவளுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாவது சனிக்கிழமையும் தானாகக் கிளம்பினால் எனக்கு எழுதுங்கள். அப்புறம் மூவரும் உட்கார்ந்து மேற்கொண்டு பேசலாம்.